வண்டி வைத்திருக்கும் கணக்கு

(தேசிய நுகர்வோர் நாளை ஒட்டி நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பாலிடெக்னிக்கிலிருந்தும் ஐ.டி.ஐ.யிலிருந்தும் வந்து இடமில்லாமல் பின்னால் நிற்கிற தம்பிகளே, பட்டறையைப் பாதி நாளில் அடைத்துவிட்டு வந்திருக்கிற மெக்கானிக் நண்பர்களே, இன்றைய பேச்சு முதலில் உங்களுக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். என்னிடம் படித்த ஒரு மாணவனின் தம்பி. வளைகுடாவில் வேலை, லீவுக்கு வந்திருந்தான். வாங்கி இரண்டு வருடம் ஆகாத டீசல் கார். "வண்டி இழுக்கவே மாட்டேங்குது சார், சைலன்சர் வழியா நீலமா புகை வருது" என்றான். டர்போ போயிருந்தது. சர்வீஸ் சென்டரில் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். அப்பா மகன் முகத்தைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "ஒரு ரீமேப் போட்டேன் சார். ஸ்டேஜ் ஒண்ணு."

அப்பாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அதை ஏம்ல சர்வீஸ்காரன்ட்ட சொல்லல்ல?"

ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். "வாரண்டி ரத்து" என்று ஒற்றை வரி. டர்போவுக்கு மட்டும் இல்லை. பின்கதவின் கண்ணாடி ஏற்றும் மோட்டார் நின்றுபோனதாக அதற்கு முன்பே அவன் புகார் சொல்லியிருந்தான். அதற்கும் அதே வரி. எஞ்சினின் சாஃப்ட்வேரை மாற்றியதற்கும் கதவுக் கண்ணாடிக்கும் என்ன உறவு? யாரும் எழுதவில்லை.

அந்த ஒரு தாளில் இரண்டு தவறுகள் இருந்தன. செய்ததை மறைத்தது பையனின் தவறு. காரணம் காட்டாமல் எல்லாவற்றையும் மறுத்தது அவர்களின் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் நம் மாவட்டத்தில் பல குடும்பங்களின் பணமும் மனமும் மிச்சமாகும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரத்தில் அதற்கான விளக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் டியூனிங் என்றால் என்ன? பழைய ஜீப்பில் பம்பைத் திருகி டீசலைக் கூட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அந்தத் திருகு ஒரு கணினிக்குள் போய்விட்டது. ஈ.சி.யூ. என்கிறோம். எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும், எந்த அளவுக்கு மேல் இழுவை போகக் கூடாது என்றெல்லாம் அதற்குள் அட்டவணைகள் இருக்கின்றன. அந்த அட்டவணையைத்தான் மேப் என்கிறார்கள். அதை அழித்து வேறு எழுதினால் ரீமேப். ஈ.சி.யூ.வைத் தொடாமல், சென்சாருக்கும் அதற்கும் நடுவே ஒரு பெட்டியை மாட்டி, உள்ளதைக் குறைத்துக் காட்டி அதிக டீசல் வாங்கினால் அது டியூனிங் பாக்ஸ்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பேச்சிப்பாறையில் 1906-இல் கட்டி முடித்த அணையின் தண்ணீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, குளத்தில் நின்று, மடை வழியாக வயலுக்கு வருகிறது. ஒவ்வொரு மடைக்கும் ஓர் அளவு உண்டு. ஷட்டரை ஒரு கை கூடுதலாகத் தூக்கினால் அன்றைக்குக் கடைவரப்பு வரை தண்ணீர் பாயும். பார்க்க மனசு நிறையும். ஆனால் கால்வாயின் கரை எந்த அளவுக்குப் போட்டது என்பதைக் கரைதான் அறியும். அது முதல் நாளே உடையாது. இரண்டு மழை கழித்து, யாரும் பார்க்காத ஒரு வளைவில் உடையும். எஞ்சினும் அப்படித்தான். ரீமேப் போட்ட அன்று மாலை நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு ஓட்டிப் பார்க்கிறவனுக்கு வண்டி பறக்கும். டர்போவின் தண்டும், பிஸ்டனின் தலையும், கிளட்ச் தட்டும் கூடுதல் சூட்டையும் கூடுதல் இழுவையையும் ஒவ்வொரு நாளும் வாங்கிக்கொண்டிருக்கும்.

"நிறுவனமே கொஞ்சம் அடக்கித்தானே வைத்திருக்கிறது, அதைத்தானே திறந்துவிடுகிறோம்" என்று தம்பிகள் கேட்பார்கள். பாதி உண்மை. நிறுவனம் இடைவெளி விட்டுத்தான் வைக்கும். மட்டமான டீசலுக்கு, ஏப்ரல் மாத வெயிலுக்கு, ஏழு பேரும் சாமான்களுமாகக் கோதையாறு மலை ஏறுவதற்கு, ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாத உரிமையாளருக்கு, பத்து வருட ஓட்டத்துக்கு என்று விட்ட இடைவெளி அது. அதை எடுத்துச் செலவழித்தால் அந்த நாள்களுக்குக் கையிருப்பு இருக்காது.

நீங்கள் எல்லாரும் கையாண்ட ஓர் எஞ்சினையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல், 1248 சி.சி. ஸ்விஃப்டில் அது 75 குதிரைத்திறன் தந்தது. 2012-இல் வந்த எர்டிகாவில் அதே 1248 சி.சி. 90 தந்தது. சாஃப்ட்வேரை மட்டும் மாற்றியா 15 குதிரையைக் கூட்டினார்கள்? இல்லை. டர்போவையே மாற்றினார்கள், இறக்கையின் கோணம் மாறும் வேறு வகை டர்போவைப் பொருத்தினார்கள். நமக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அதே 15 குதிரையை மடிக்கணினியால் மட்டும், அரை மணி நேரத்தில், 75 எஞ்சினின் டர்போவிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறார் என்றால், அந்த டர்போ எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று கேட்க வேண்டாமா? தன் ஆயுளிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது.

ஒரு எஞ்சினின் திறனைக் கூட்டுவது எப்படி என்று கற்றுக்கொள்ள நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரி. அங்கேதான் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களை நிறுத்தி வைத்து எரித்துச் சோதிக்கிறார்கள். விகாஸ் எஞ்சின் பல ஆண்டுகள் பறந்து தேறிய எஞ்சின். அதன் உந்துவிசையைச் சுமார் 6 சதவீதம் கூட்டினார்கள். கூட்டியதை 2018 மார்ச் மாதத்தில் மகேந்திரகிரியில் தரையில் பூட்டி எரித்து, தேறியது என்று உறுதி செய்துகொண்டார்கள். அதன் பிறகே, அதே மாதம் 29-ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. எஃப்-08 அதைச் சுமந்து போனது. அப்போது இஸ்ரோவின் தலைவர் நம்முடைய சரக்கல்விளையில் பிறந்து, நம் இந்துக் கல்லூரியில் படித்த டாக்டர் சிவன். பழகிய எஞ்சினில் 6 சதவீதத்தைக் கூட்டவே அத்தனை சோதனை. டர்போ டீசலில் 20, 30 சதவீதம் என்று நம் ஊரில் பேசுகிறோம். அந்த எஞ்சினை யார், எங்கே, எத்தனை மணி நேரம் பூட்டி வைத்துச் சோதித்தார்கள்?

வாரண்டி என்ற சொல்லின் பொருள் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. "நான் சோதித்த பொருளுக்கு நான் பொறுப்பு" என்பதே வாரண்டி. நிறுவனம் ஒரு மேப்பை எழுதி, வெயிலிலும் குளிரிலும் ஓட்டிப் பார்த்து, புனேயிலோ மானேசரிலோ நம் ஒரகடத்திலோ உள்ள சோதனை மையத்தில் சான்று வாங்கி விற்கிறது. அந்த மேப் போய்விட்டால், அந்த எஞ்சின் அவர்கள் சோதித்த எஞ்சின் இல்லை. அதனால் வரும் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பேற்க மறுப்பதில் நியாயம் இருக்கிறது. வாரண்டிப் புத்தகங்களிலும் அங்கீகாரமில்லாத மாற்றங்களால் வரும் பழுதுகளுக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒற்றிப் பத்திரத்தையும் பாட்டச் சீட்டையும் வரிக்கு வரி படித்து வழக்காடிய ஊர் நம் ஊர். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரின் வாரண்டிப் புத்தகத்தை டேஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமலே வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, தம்பிகள் நம்பியிருக்கும் ஒன்று: "சர்வீஸுக்கு விடும்போது பழைய மேப்பைப் போட்டுவிட்டால் தெரியாது." தெரியும். ஈ.சி.யூ.வில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல வண்டிகளில் பதிவாகிறது. உள்ளே இருக்கும் மேப் நிறுவனம் எழுதியதுதானா என்பதைக் காட்டும் சரிபார்ப்பு எண் உண்டு. போக்ஸ்வேகன் குழுமத்தில் டி.டி.1 என்று ஒரு குறி வைத்திருக்கிறார்கள். மாற்றிய சாஃப்ட்வேர் தெரிந்தால் அந்த வண்டியின் எண்ணுக்கு எதிரே அது ஏறிவிடும். பிறகு எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் அதுவும் கூடவே வரும். பெட்டியைக் கழற்றி ஒளித்தாலும், பிஸ்டன் உருகிய விதமும் டர்போவின் இறக்கை தேய்ந்த விதமும் பேசும். நாம் மறந்தாலும் வண்டி தன் கணக்கை மறப்பதில்லை.

ஆனால் கணக்கு இரு பக்கமும் எழுதப்பட வேண்டும். சாஃப்ட்வேரை மாற்றியவர்கள் பட்டறைக்காரர்கள் மட்டும் இல்லை. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த செய்தியை நினைத்துப் பாருங்கள். அதே போக்ஸ்வேகன் நிறுவனம், சோதனை மேடையில் நிற்கும்போது மட்டும் புகையை அடக்கிக்காட்டும் சாஃப்ட்வேரைத் தன் டீசல் கார்களில் வைத்து விற்றிருந்தது. அந்த டிசம்பரில் இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். ஆகவே நிறுவனம் சொல்வதெல்லாம் வேதம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களிடமும் காரணம் கேட்கலாம், எழுத்தில் கேட்கலாம்.

கேட்பதற்கு நமக்குப் பிடிமானம் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது வழக்கு. அபராதம் பற்றி மேல்முறையீடுகள் போயின. ஆனால் அந்த உத்தரவில் இருக்கும் ஒரு கருத்து நமக்கு மிக முக்கியம்: வெளிப் பட்டறைக்குப் போனார் என்பதற்காகவே வாரண்டி மொத்தமும் ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதம் வந்ததோ, அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம். அந்த உத்தரவு ரீமேப்புக்காக எழுதப்பட்டதில்லை. ஆனால் அதன் நியாயம் ரீமேப்புக்கும் பொருந்தும்: எது எதைக் கெடுத்ததோ, அதற்கு மட்டும் மறுப்பு.

அமெரிக்காவில் 1975 முதல் மேக்னுசன்–மாஸ் என்ற வாரண்டிச் சட்டம் இருக்கிறது. தன் பாகத்தையே வாங்க வேண்டும், இல்லையென்றால் வாரண்டி இல்லை என்று நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. வெளிப்பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்றால் மறுக்கலாம். "அமெரிக்காவில் டியூன் செய்தாலும் வாரண்டி உண்டு" என்று சிலர் பாதியைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மறுபாதி இதுதான்: டியூனால் டர்போ போயிருந்தால் அங்கேயும் கிடைக்காது. நம் நாட்டில் வாரண்டிக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதில் நம் மாவட்டத்துக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். கார் திருவனந்தபுரத்தில் வாங்கியதாக இருக்கலாம், திருநெல்வேலியில் வாங்கியதாக இருக்கலாம். வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பழுதின் காரணம் சோதித்தால்தான் தெரியும் என்றால், ஆணையம் அதைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வழக்குக்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் முறையிடலாம். ஆனால் ஒன்று: அதே சட்டம் பொருளால் நேர்ந்த கேட்டுக்கு இழப்பீடு கேட்கும் வழக்கில், பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்றவர் மீது வழக்கு நில்லாது என்றும் சொல்கிறது. ஆணையத்தின் முன் நிற்கப்போகிறவர் கையில் உண்மை முழுதாக இருக்க வேண்டும்.

வாரண்டியைத் தாண்டி இன்னொரு படி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அது வண்டியின் அமைப்பு மாற்றம் பற்றிய வழக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். களியக்காவிளையைத் தாண்டித் தினமும் போய்வருகிற டி.என்.75 வண்டிக்காரர்கள் இதை இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் சமரசம் பேச மாட்டேன். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த பிறகு டீசல் கார்களின் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. டியூனிங்கோடு சேர்த்து அதைத் துளைத்துவிடுவதும், சாஃப்ட்வேரில் அதை அணைத்துவிடுவதும் நடக்கிறது. வாரண்டி உங்கள் பணம்; போனால் உங்களோடு போகும். அந்தக் கரியோ செட்டிகுளம் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். அதைச் செய்யாதீர்கள். செய்யச் சொல்லி வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

அப்படியானால் டியூனிங்கே பாவமா? ஒருபோதும் இல்லை. எஞ்சின் மீது ஆசை கொண்ட பிள்ளைகளிடமிருந்துதான் நல்ல பொறியாளர்கள் வருகிறார்கள். கோயம்புத்தூரைப் பாருங்கள். பந்தயக் கார்களில் ஊறிய ஊர். அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாட்டா மோட்டார்ஸுடன் கூட்டு நிறுவனம் தொடங்கியது. 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்று இரண்டு கார்கள் வந்தன. சாதாரண டியாகோ பெட்ரோல் 85 குதிரைத்திறன். இது டர்போ எஞ்சினோடு 114. சஸ்பென்ஷனையும் டயரையும் ஸ்டீயரிங்கையும் அதற்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஷோரூமில் விற்றார்கள், நிறுவனம் பொறுப்பேற்றது. அந்தக் கார்கள் வெகுகாலம் விற்பனையில் இல்லை. ஆனாலும் வழி அதுதான்: திறனைக் கூட்டுகிறவர், கூட்டியதைத் தாங்குகிற பாகங்களையும் மாற்றுகிறார், சோதிக்கிறார், கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிறார்.

ஆகவே மூன்று பேருக்கு மூன்று வேண்டுகோள்.

தம்பிகளே, வாரண்டி முடியும்வரை பொறுங்கள். பொறுக்க முடியவில்லை என்றால், என்ன இழக்கிறோம் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். செய்தபின் சர்வீஸ் சென்டரிலும் இன்சூரன்ஸிலும் மறைக்காதீர்கள். மறைத்த ஒன்று, நியாயமாக உங்களுக்குச் சேர வேண்டிய மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

டியூனிங் செய்யும் நண்பர்களே, எதை மாற்றினீர்கள், எவ்வளவு கூட்டினீர்கள், எந்தப் பாகம் தாங்காமல் போகலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பழைய மேப்பின் நகலையும் கொடுங்கள். தொழிலில் நம்பிக்கை உள்ளவருக்கு எழுதிக் கொடுப்பதில் தயக்கம் இருக்காது.

சர்வீஸ் சென்டர் நடத்துகிறவர்களே, மறுக்க வேண்டியதை மறுங்கள். ஆனால் எந்தப் பாகம், எந்த மாற்றத்தால், எப்படிப் பழுதானது என்று எழுதி மறுங்கள். ஒற்றை வரியில் முழு வாரண்டியையும் அடிக்காதீர்கள்.

அந்த மார்த்தாண்டத்துப் பையனிடம் அன்று நான் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். ரீமேப் போட்ட தேதி, இடம், என்ன மாற்றினார்கள் என்பதை அவன் கையாலேயே எழுதச் சொன்னேன். அதன் கீழே, டர்போவுக்கு நான் வாரண்டி கேட்கவில்லை என்று எழுதச் சொன்னேன். அதற்கும் கீழே, கதவுக் கண்ணாடி மோட்டாருக்கும் இந்த மாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி. அவர்களால் அதற்குப் பதில் எழுத முடியவில்லை. மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். டர்போவுக்கு அவன் தன் சம்பளத்திலிருந்து பணம் கட்டினான். பழைய மேப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் அவனும் அப்பாவும் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். வாசலில் அப்பா சொன்னார்: "டர்போவுக்குக் கட்டின பணம் போனா போவட்டும் சார். அவன் கைப்பட எழுதின அந்தத் தாளை நான் பத்திரம் வைக்கிற பெட்டியில வச்சிருக்கேன்."